கலெக்டர் உட்காரும் ஊர்

1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது நமக்கு வாய்த்த மாவட்டங்கள் 13. இன்றைக்கு 38. நடுவில் நாம் யார்மீதும் படையெடுக்கவில்லை. 1960-ல் ஆந்திராவோடு பேசி, கொடுத்து வாங்கி, திருத்தணியைச் சேர்த்துக்கொண்டோம். மற்றபடி இருந்த நிலத்தையே கீறிக் கீறி எண்ணிக்கையைக் கிட்டத்தட்ட மூன்று மடங்காக்கியிருக்கிறோம். தாத்தா மனப்பாடம் செய்த பட்டியல் வேறு, அப்பா மனப்பாடம் செய்தது வேறு, பேத்தி டி.என்.பி.எஸ்.சி-க்கு உருப்போடுவது வேறு. மூன்று பேரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்து "ஆற்காடு எந்த மாவட்டம்?" என்று கேட்டுவிட்டு மெல்ல நழுவிவிடுவது நல்லது.

பாடப்புத்தகம் இதையெல்லாம் "நிர்வாக வசதிக்காக" என்று சொல்லி முடித்துவிடும். நம் நாட்டில் நிர்வாக வசதிக்காக எதுவும் நடந்ததில்லை என்பது என் கட்சி. மாவட்ட வரலாறு முழுக்க இரண்டே கேள்விகள்தான். யார் பெயரை வைப்பது? கலெக்டர் எந்த ஊரில் உட்காருவார்? ஆட்சியில் இருந்தவர்கள் முதல் கேள்விக்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மக்கள் இரண்டாவது கேள்வியைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை.

மாவட்டத்துக்குத் தலைவர் பெயர் வைக்கும் பழக்கத்தைத் திராவிடக் கட்சிகளின் தலையில் கட்டுவது அநியாயம். அந்தப் பெருமை முதலாம் இராஜராஜனுக்குப் போகவேண்டும். 985-ல் பட்டத்துக்கு வந்தவன், சோழநாட்டை வளநாடுகளாகப் பிரித்தான். பெயர் வைக்க வேறு தலைவர்களைத் தேடிப் போகவில்லை. வீட்டிலேயே ஒரு தலைவர் இருந்தார். தன் பட்டப்பெயர்களையே எடுத்து ஒட்டினான். நித்தவினோத வளநாடு, அருமொழிதேவ வளநாடு, க்ஷத்ரியசிகாமணி வளநாடு என்று வரிசையாக எல்லாம் அவனேதான். தலைநகரான தஞ்சாவூர் இருந்தது பாண்டியகுலாசனி வளநாட்டில். பாண்டியர் குலத்துக்கு இடி என்று பொருள். மதுரைக்காரர் தஞ்சாவூருக்கு ஓலை அனுப்பினால், மேல்விலாசத்தை எழுதும்போதே தன்னைத் தானே திட்டிக்கொள்ள வேண்டும்.

அதோடு விட்டானா? தொண்டை மண்டலம் ஜெயங்கொண்ட சோழ மண்டலமாயிற்று. பாண்டிய நாடு இராஜராஜ மண்டலம். பிடித்தவரை ஈழம் மும்முடிச் சோழ மண்டலம். அனைத்துக் கட்சிக் கூட்டம், ஆட்சேபணை மனு, ஐகோர்ட் தடை என்று எந்தத் தொல்லையும் இல்லாத காலம்.

எனக்குக் கல்தச்சரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரியவேண்டும். அதற்கு 96 ஆடுகள் என்பது அன்றைய கணக்கு. ஆடு கொடுத்தவர் பெயரை வெட்டினால் வேலை முடிந்தது என்று உளியை எடுத்தால், முதலில் அரசனின் மெய்க்கீர்த்தி, அப்புறம் இன்ன வளநாட்டு, இன்ன கூற்றத்து, இன்ன ஊர் என்று வந்து, ஆடு கொடுத்தவர் தலைகாட்டுவதற்குள் பாதிச் சுவர் போய்விடும். அடுத்த அரசன் வந்து வளநாட்டின் பெயரை மாற்றினால் விலாசமும் மாறும். நாகப்பட்டினத்துக்கு அதுதான் நடந்தது. இராஜராஜன் காலத்தில் க்ஷத்ரியசிகாமணி வளநாட்டில் இருந்த ஊர், முதலாம் குலோத்துங்கன் காலத்தில் கேயமாணிக்க வளநாட்டில் இருந்தது. ஊர் நகரவில்லை, கடலும் அதே கடல்தான். 1991-ல் அது நாகப்பட்டினம் காயிதே மில்லத் மாவட்டம் ஆனபோது, அந்த ஊருக்கு இது புதிய அனுபவம் இல்லை.

நாயக்கர்களை வேகமாகக் கடந்துவிடலாம். 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் சேர்ந்து நாட்டை 72 பாளையமாக்கினார்கள். மதுரைக் கோட்டைக்கு 72 கொத்தளம், ஆளுக்கு ஒன்று காவல். இன்றைய அரசு 38-ல் நிற்கிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்த எண்ணைக் கவனிக்கவும்.

கலெக்டர் என்ற மனிதர் கம்பெனிக்காரர்களோடுதான் வருகிறார். 1792-ல் திப்பு சுல்தான் தோற்று, பாதி ராஜ்யத்தைப் பிரித்துக் கொடுத்தபோது, சேலம், தர்மபுரிப் பக்கத்துப் பாராமகால் கம்பெனிக்கு வந்தது. வசூலுக்கு அனுப்பப்பட்டவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு, திருப்பத்தூரில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு உதவியாளராகப் போனவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. உழைத்தவர் ரீடு. சென்னையில் தீவுத்திடல் பக்கம் சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருப்பவர் அந்த உதவியாளர். அரசு ஊழியர்களுக்கு இதில் புதிய செய்தி ஒன்றும் இல்லை. திருப்பத்தூர் தன் சொந்தப் பெயரில் மாவட்டமாவதற்கு 2019 வரை, அதாவது 227 வருடம் காத்திருந்தது. மனு நிலுவையில் இருக்கிறது என்பதன் முழுப் பொருளை உணர்ந்த ஊர் அது.

இப்போது ஆற்காட்டுக்கு வருவோம். இரண்டு மாவட்டங்கள் இந்த ஒரே ஊரின் பெயரை வைத்துக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் காலம் தள்ளின. 1751-ல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையில் நுழைந்து 50 நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்தார். அந்த ஊரில் அதிக நாள் விடாப்பிடியாகத் தங்கிய பெரிய மனிதர் அவராகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஏனென்றால் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா ஆற்காட்டில் இல்லை. சென்னையில் கடற்காற்று வாங்க 1768-ல் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டிக்கொண்டார். கட்டியது போக வாங்கிய கடன், லண்டன் பார்லிமெண்டில் எட்மண்ட் பர்க் எழுந்து பேசும் அளவுக்குப் புகழ்பெற்றது. கடைசியில் அந்த அரண்மனையில் வருவாய் வாரியமே ஆபீஸ் போட்டது. வாரிசுகளுக்கு ஆற்காட்டு இளவரசர் என்ற பட்டம் மிஞ்சியது. அவர்கள் இருப்பது ராயப்பேட்டை அமீர் மகாலில்.

சரி, நவாப் இல்லை, கலெக்டராவது இருந்தாரா? வட ஆற்காட்டுக் கலெக்டர் 1911 வரை சித்தூரில் இருந்தார். சித்தூர் தனி மாவட்டமானதும் மூட்டை கட்டிக்கொண்டு வேலூருக்கு வந்தார். தென் ஆற்காட்டுக் கலெக்டர் கடலூரில். அந்த மாவட்டத்துக்கும் ஆற்காடு என்ற ஊருக்கும் பெயரைத் தவிர வேறு கொடுக்கல் வாங்கலே கிடையாது. 2019-ல் வேலூரைப் பிரித்தார்கள். இந்த முறை ஆற்காட்டுக்குத்தான் என்று ஊர் எதிர்பார்த்திருந்தால் அதில் தப்பில்லை. கலெக்டர் ஆபீஸ் பாலாற்றின் வடகரையில் ராணிப்பேட்டைக்குப் போயிற்று. ஆற்காடு தென்கரையில் தாலுகாவாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆற்றில் தண்ணீரும் இல்லை; இருந்தாலாவது மறைத்திருக்கும்.

இது ஆற்காட்டின் தனிப்பட்ட ஜாதகக் கோளாறு இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்துக்குக் கலெக்டர் ஆபீஸ் சைதாப்பேட்டையில் இருந்தது. 1968-ல் காஞ்சிபுரத்துக்குப் போனது. கன்னியாகுமரிக் கலெக்டர் நாகர்கோவிலில். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது 1910-ல் உண்டான இராமநாதபுரம் மாவட்டம். அதன் கலெக்டர் மதுரையில் உட்கார்ந்திருந்தார். ஆம், அடுத்த மாவட்டத்தில். ராமேசுவரத்து மீனவர் ஒருவருக்குப் பட்டா விவகாரம் என்றால் விடியற்காலை ரயில் ஏறி, பாம்பன் தாண்டி, மண்டபம் தாண்டி, இராமநாதபுரம் ஸ்டேஷன் வந்ததும் இறங்காமல் கவனமாக உட்கார்ந்திருக்க வேண்டும். பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம் எல்லாம் போய், மதுரையில் இறங்கி, இராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் எங்கே என்று ஒரு மதுரைக்காரரிடம் கேட்கவேண்டும். மதுரைக்காரரிடம் வழி கேட்டவர்கள் பாடு தனிக் கதை. 1985-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கும்வரை இந்தக் கூத்து நடந்தது.

புதுக்கோட்டையை இந்த விஷயத்தில் பாராட்டவேண்டும். சொந்தமாக அம்மன் காசு அடித்துக்கொண்டிருந்த சமஸ்தானம், 1948-ல் இணைந்ததும் திருச்சி மாவட்டத்தின் ஒரு மூலையாகிவிட்டது. 26 வருடம் பொறுத்து 1974-ல் தனி மாவட்டம் வாங்கியது. கலெக்டர் ஆபீஸ் எங்கே வைப்பது என்ற கேள்வியே எழவில்லை. ராஜாவின் அரண்மனைக்குள்ளேயே கலெக்டர் வந்து உட்கார்ந்துவிட்டார். முன்பு மனு கொடுத்த அதே வாசலில்தான் இன்றும் மனு கொடுக்கிறார்கள். வாங்குகிறவர் மட்டும் மூன்று வருடத்துக்கொரு தடவை மாறுகிறார்.

இராஜராஜனின் பழக்கம் ஆயிரம் வருடத்துக்குப் பிறகு மறுபடி தொற்றிக்கொண்டது 1979-ல். கோவையைப் பிரித்து ஈரோட்டைத் தலைநகராக வைத்த மாவட்டத்துக்குப் பெரியார் பெயர் வைத்தார்கள். அவர் பிறந்த ஊர், அவருடைய நூற்றாண்டு. யாரும் குறை சொல்ல முடியாது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஒருவர் பெயரை வைத்தால் இன்னொருவர் பெயரை எப்படி வைக்காமல் விடுவது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் இதுவரை யாரும் பதில் கண்டுபிடித்ததில்லை. அடுத்த பதினெட்டு வருடத்தில் வரைபடமே மணிமண்டபமாயிற்று.

1985-ல் சிவகங்கைக்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயர். பசும்பொன் கிராமம் எங்கே இருக்கிறது? கமுதிப் பக்கம். அது பிரிவினையில் இராமநாதபுரத்தோடே நின்றுவிட்டது. ஆக, பசும்பொன் மாவட்டத்தில் எல்லாம் இருந்தது, பசும்பொன்னைத் தவிர. 1986-ல் திருநெல்வேலியைப் பிரித்துத் தூத்துக்குடிக்கு வ.உ.சிதம்பரனார் பெயர் கொடுத்தார்கள். மிச்சமிருந்த நெல்லை, நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று ஆனது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையோ சிதம்பரனாரின் பங்குக்குப் போய்விட்டது. கட்டபொம்மன் தன் கோட்டைக்குப் போக மாவட்ட எல்லையைத் தாண்டவேண்டும். வரி கேட்டு வந்த வெள்ளைக்காரன்கூட அவரை இந்தப் பாடு படுத்தவில்லை.

திண்டுக்கல்தான் பாவம். 1985-ல் பிறந்து 1997-க்குள் அண்ணா, காயிதே மில்லத், மன்னர் திருமலை என்று மூன்று பெயர்களைப் பார்த்துவிட்டது. ரப்பர் ஸ்டாம்பு செய்கிற கடைக்காரர்கள் மட்டும் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லக்கூடும்.

அந்த வருடங்களில் அச்சான கல்யாணப் பத்திரிகை ஒன்று வீட்டில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளை வீடு, திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். பெண் வீடு, விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம். மண்டபம், வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். தாய்மாமன் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்திலிருந்து வருகிறார். இத்தனை தலைவர்களும் நிற்பதற்குள் மணமகன் பெயரின் எழுத்து பொடியாகிவிடும். சிக்கனக்கார அச்சக முதலாளிகள் எல்லாவற்றையும் "வ.ஆ.", "தெ.ஆ." என்று இரண்டெழுத்தில் முடித்தார்கள். தபால்காரர் அசரவே இல்லை. அவருக்கு 1972-லேயே பின்கோடு கொடுத்துவிட்டார்கள். ஆறு எண்ணுக்கு எந்தத் தலைவர் பெயரும் கிடையாது.

மாவட்டத்தோடு நிற்காமல் பஸ்ஸுக்கும் பெயர் ஓடியது. முதலில் சேரன், சோழன், பாண்டியன், பல்லவன். மதுரையிலிருந்து கிளம்பும் பாண்டியனும் தஞ்சைப் பக்கத்துச் சோழனும் திருச்சி பஸ் ஸ்டாண்டில் பக்கத்துப் பக்கத்து டிராக்கில் சண்டையில்லாமல் நின்றார்கள். சரித்திரத்தில் அதற்கு முன்பு அது நடந்ததாகத் தெரியவில்லை. பிறகு கட்டபொம்மன், நேசமணி, ஜீவா, மருது பாண்டியர், ராணி மங்கம்மாள், தீரன் சின்னமலை, பட்டுக்கோட்டை அழகிரி என்று ஆள் கூடிக்கொண்டே போனார்கள். பஸ் ஸ்டாண்ட் பேச்சு எப்படியிருந்தது தெரியுமா? "நேசமணி இன்னும் வரல. கட்டபொம்மன் கயத்தாறு பக்கத்துல நிக்குதாம், பஞ்சர். மங்கம்மாள்ல ஏறாதீங்க, சீட் இல்ல." கயத்தாறில் கட்டபொம்மன் நிற்கிறார் என்பதைச் சிரிக்காமல் சொல்ல நம் ஊர் டைம்கீப்பரால் மட்டுமே முடியும்.

சிரிப்பு 1997-ல் நின்றது. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு, பட்டியல் சாதியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். இத்தனை வருடம் எந்தப் பெயர் போட்ட பஸ்ஸிலும் முண்டியடித்து ஏறிய ஊரில், இந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று சிலர் சொன்னார்கள். கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. கருணாநிதி அரசு, எல்லா மாவட்டத்திலிருந்தும் எல்லாப் பஸ்ஸிலிருந்தும் எல்லாத் தலைவர்களையும் ஒரேயடியாக இறக்கிவிட்டது. ஒரு பெயரைப் பொறுக்கமாட்டாதவர்களுக்காக அத்தனை பெயர்களும் போயின. அந்த முடிவைச் சமயோசிதம் என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது தோல்வி என்றே படுகிறது. தோற்றது அரசு மட்டுமில்லை.

பெயர்ச் சண்டை ஓய்ந்ததும் பழைய இரண்டாவது கேள்வி எழுந்து உட்கார்ந்தது. அரியலூர் கதையைக் கேளுங்கள். 1995 வரை திருச்சியில் இருந்தது. 1995-ல் பெரம்பலூர் மாவட்டம். 2001-ல் தனி மாவட்டமாக்கினார்கள். ஆட்சி மாறியது, 2002-ல் மாவட்டத்தைக் கலைத்துப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். மறுபடி ஆட்சி மாறியது. 2007-ல் மறுபடி மாவட்டம். இந்தக் குழப்பத்தின் நடுவில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. கங்கை வரைக்கும் படை அனுப்பி, கடல் தாண்டிக் கடாரத்தையும் அடித்த இராஜேந்திரன் கட்டிய தலைநகரம் அது. பன்னிரண்டு வருடத்துக்குள் திருச்சி, பெரம்பலூர், அரியலூர், பெரம்பலூர், அரியலூர் என்று நாலு தடவை கைமாறியது. சோழர்கள் அங்கிருந்து ஆண்ட இரண்டரை நூற்றாண்டிலும் அவர்களுக்கு இப்படி ஒரு அலைச்சல் இல்லை. கோயில் நந்தி அசையாமல் உட்கார்ந்திருந்தது என்பதால் விட்டுவிட்டார்கள். இல்லாவிட்டால் அதற்கும் டிரான்ஸ்பர் ஆர்டர் வந்திருக்கும்.

நாகப்பட்டினம் கதை இன்னும் ருசியானது. 1991-ல் தஞ்சாவூரிலிருந்து பிரித்தபோது மயிலாடுதுறை, சீர்காழி எல்லாம் நாகைக்குப் போயின. நடுவில் காரைக்கால். பிரெஞ்சுக்காரர்கள் 1739-ல் கையில் வாங்கி, இன்றைக்குப் புதுச்சேரியின் பகுதியாக இருக்கும் ஊர். 1997-ல் திருவாரூரும் தனியாகப் போன பிறகு, வரைபடத்தில் பார்த்தால் மாவட்டம் இரண்டு துண்டு. இடையில் வேறு அரசு. மயிலாடுதுறைக்காரர் திங்கட்கிழமை மனு எடுத்துக்கொண்டு கடற்கரை வழியாகப் புறப்பட்டால், தமிழ்நாட்டை விட்டு வெளியேறி, காரைக்காலைக் கடந்து, நாகூரில் மறுபடி தமிழ்நாட்டுக்குள் நுழைந்து கலெக்டரைப் பார்க்கவேண்டும். திரும்பும்போதும் அதே காரைக்கால். அங்கே சரக்கு விலை குறைவு என்பது ஊரறிந்த சேதி. காலையில் மனு கொடுக்கப் போனவர்கள் இருட்டிய பிறகும் வீடு வந்து சேராததற்குக் கலெக்டர் ஆபீஸ் தாமதம் மட்டும் காரணமில்லை. இதை எதிர்த்து மயிலாடுதுறை வீட்டுப் பெண்கள் தனியாக ஒரு மனு கொடுத்திருக்கவேண்டும்; அதைக் கொடுக்கவும் காரைக்கால் வழியாகத்தான் போகவேண்டும். 29 வருடம் கழித்து 2020 டிசம்பரில் மயிலாடுதுறை 38-ஆவது மாவட்டமானது.

2019-ன் கடைசியில் மட்டும் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு என்று ஒரே மாதத்தில் ஐந்து மாவட்டங்களைத் திறந்து வைத்தார்கள். செங்கல்பட்டுக்காரர்கள் செங்கல்பட்டிலேயே செங்கல்பட்டுக் கலெக்டரைப் பார்க்கும் பாக்கியம் பெற்றார்கள். பெயர் வைக்கும் கை சும்மா இருக்குமா? 2020 ஜூனில் 1,018 ஊர்களின் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்பத் திருத்துவதாக அரசாணை வந்தது. அதைப் பார்த்துப் படித்தவர்கள் வேலூரை வீலூர் என்று படித்தார்கள். ஒரு வாரம் ஊரே சிரித்தது. அரசாணையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

இனி என்ன? கோவில்பட்டி கேட்கிறது, பொள்ளாச்சி கேட்கிறது, பழனி கேட்கிறது, ஆரணி கேட்கிறது. இவர்கள் எல்லோருக்கும் முன்னால் வரிசையில் நிற்பது கும்பகோணம். தேர்தல் வந்தால் கும்பகோணத்துக்கு மாவட்டம் வந்துவிடும். ஓட்டு எண்ணி முடித்ததும் போய்விடும். தலைவர்களின் பெயரை இறக்கியபோது ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கே கும்பகோணத்தின் பெயர் கிடைத்தது; சுற்றிலும் உள்ள பல மாவட்டத்து பஸ்களின் நெற்றியில் இன்றும் அந்த ஊர் இருக்கிறது. 2021-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. மேயர் இருக்கிறார், மகாமகக் குளம் இருக்கிறது, டிகிரி காபி இருக்கிறது. கலெக்டரைப் பார்க்க மட்டும் பஸ் ஏறித் தஞ்சாவூருக்குத்தான் போகவேண்டும்.